உள்ளூர் பாட்டு வானொலி: ஆளைப் பிடித்து உட்கார வைப்பது எது?

முல்லையாறு

வணக்கம். தேனி மாவட்டத்தில் உத்தமபாளையம் பக்கம் ஒரு சமுதாய வானொலி தொடங்கும் வேலையில் இருக்கிறோம். அனுமதி வேலைகள் முக்கால்வாசி முடிந்துவிட்டன. 100 வாட்தான் சக்தி, ஆன்டெனா 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. சுற்றிலும் மலை என்பதால் பத்து கிலோமீட்டர் எட்டினாலே பெரிது.

விவசாயம், உடல்நலம், பள்ளிப் பிள்ளைகள் என்று பேச்சு நிகழ்ச்சிகளை ஓரளவு யோசித்து வைத்திருக்கிறோம். சண்டை பாட்டில்தான். குழுவில் பாதிப் பேர் "புதுப் பாட்டாப் போடுங்க, பசங்க கேப்பாங்க" என்கிறார்கள். மீதிப் பேர், பண்ணைப்புரத்தைக் கூப்பிடு தூரத்தில் வைத்துக்கொண்டு இளையராஜாவைத் தாண்டி எதற்குப் போக வேண்டும் என்கிறார்கள்.

என் கேள்வி வேறு. எந்தப் பாட்டாக இருந்தாலும் அது எல்லார் போனிலும் கிடக்கிறது. அதையே நாங்கள் போட்டால் ஒருவன் ஏன் கேட்க வேண்டும்? நீங்கள் ஆசையாகக் கேட்ட உள்ளூர் நிலையம் எது, அதில் உங்களைப் பிடித்து வைத்தது எது என்று சொல்லுங்கள்.

இயர்போன்

நேராகச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். கேட்க மாட்டான்.

என் போனில் எஃப்எம்மே இல்லை. முன்பு இயர்போன் ஒயரே ஆன்டெனாவாக வேலை பார்த்தது, இப்போது அதைச் செருகும் துளையையே எடுத்துவிட்டார்கள். எஃப்எம் வசதியை முடக்காதீர்கள் என்று 2023-இல் மத்திய அரசு போன் கம்பெனிகளுக்கு அறிவுரை அனுப்பியது. அறிவுரைதான், கட்டளை இல்லை. ஷேர் ஆட்டோவில் ஏறினால் ரேடியோ காதில் விழும், அவ்வளவுதான் எனக்கும் அதற்கும் உறவு.

பண்பலை_பாண்டி

தம்பி இயர்போன், ஷேர் ஆட்டோ போதாதா? டீக்கடை, சலூன், தையல் கடை, தறிக்கூடம், லேத் பட்டறை, காய்கறி மண்டி. கை வேலையாக இருக்கிறவனுக்குத்தான் ரேடியோ. பாட்டை மாற்ற அவனுக்குக் கை ஒழியாது, யாராவது போட்டுவிட்டால் கேட்டுக்கொள்வான். போனைத் தடவிக்கொண்டிருக்கிறவனைக் கணக்கில் எடுத்துக் கவலைப்பட வேண்டாம்.

நான் ஒட்டன்சத்திரம். எங்களுக்குக் கோடை பண்பலை 100.5. கோபுரம் கோடைக்கானலில், ஏறக்குறைய ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. எஃப்எம் அலை நேர்கோட்டில் போகிற சாதி. அவ்வளவு உயரத்திலிருந்து விட்டால் மதுரை, திண்டுக்கல், கரூர், திருப்பூர் என்று நாலாபக்கமும் இறங்கும். அரசாங்க நிலையம்தான், ஆனால் இத்தனை மாவட்டத்துக்காரனும் அதை "நம்ம கோடை எஃப்எம்" என்பான்.

ஏன் என்று யோசித்தால் எனக்குத் தெரிவது ஒன்றுதான், ஊர்ப் பெயர். மண்டியில் மூட்டை இறக்கிக்கொண்டிருப்பார்கள். பாட்டு அது பாட்டுக்கு ஓடும், ஒருவரும் காது கொடுக்க மாட்டார்கள். பாட்டு முடிந்து விரும்பிக் கேட்ட நேயர்கள் பட்டியல் வாசிக்க ஆரம்பித்தால் அம்பிளிக்கை, கள்ளிமந்தையம், இடையகோட்டை என்று வரும். மூட்டையை முதுகில் வைத்தபடியே ஒருத்தர் நின்றுவிடுவார். "யாருடா அது இடையகோட்டையில?" எங்கள் மண்டியில் ஒரு சுமைதூக்கும் அண்ணன் வாராவாரம் கார்டு போடுவார். அவர் பெயர் வாசித்த அன்று டீ அவர் செலவு. அவரை இன்றைக்கும் "நூறு புள்ளி அஞ்சு" என்றுதான் கூப்பிடுகிறோம்.

உங்களுக்குப் பத்து கிலோமீட்டர்தான் என்று வருத்தப்படாதீர்கள். பத்து கிலோமீட்டருக்குள் எல்லாப் பெயரும் தெரிந்த பெயராக இருக்கும்.

ஃபேடர்காரன்

நான் ஒரு தனியார் எஃப்எம்மில் நிகழ்ச்சிப் பிரிவில் இருந்தவன். எந்த நிலையம், எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம், உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

பாட்டை ஆர்ஜே தேர்ந்தெடுப்பதில்லை. கணினியில் ஒரு மென்பொருள் இருக்கும். அதில் பாட்டுகளைச் சாதி பிரித்து வைத்திருப்போம்: புது ஹிட், நடுவயதுப் பாட்டு, பழையது. புது ஹிட் என்றால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றி வரும். ஒரே பாடகர் அடுத்தடுத்து வரக் கூடாது, இரண்டு மெதுவான பாட்டு சேரக் கூடாது என்று நிபந்தனைகள் கொடுத்துவிட்டால் நாள் முழுவதற்கும் அதுவே பட்டியல் போட்டுக் கொடுக்கும். ஆர்ஜேவுக்கு மிச்சம் நடுவில் பேசும் 'லிங்க்' மட்டும். அதுவும் நாற்பது விநாடியைத் தாண்டினால் மேலே இருந்து கேள்வி வரும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான பாட்டை நினைவில் வைத்து அடுக்க எந்த ஆளாலும் முடியாது. ஆனால் ஒரு கட்டத்தில் செலவைக் குறைக்கிறோம் என்று இரவு நிகழ்ச்சியை முன்கூட்டியே பதிவு செய்யச் சொன்னார்கள். நாலு மணி நேர நிகழ்ச்சிக்கான லிங்க் எல்லாவற்றையும் ஆர்ஜே மத்தியானமே ஒரு மணி நேரத்தில் பேசி வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒரு நாள் ராத்திரி ஊரே மழையில் மிதக்கிறது. எங்கள் அலைவரிசையில் குழைவான குரலில், "மொட்டை மாடிக்கு வாங்க, நிலாவைப் பாருங்க" என்று போகிறது. வாட்ஸாப்பில் வந்து குவிகிறது: "நிலாவா? இங்க முழங்கால் தண்ணி." படிக்க ஆள் இல்லை. கட்டடத்தில் வாட்ச்மேன் மட்டும்தான்.

முல்லையாறு, உங்கள் கேள்விக்கு என் பதில் இதற்குள்ளேதான் இருக்கிறது. போனில் பாட்டுப் போடும் செயலிக்கு உங்கள் ஊரில் மழை பெய்வது தெரியாது. அந்த ராத்திரி எங்கள் ரேடியோவுக்கும் தெரியவில்லை. பேசுகிற ஆள் இப்போது, இதே ஊரில், விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பது கேட்கிறவருக்கு உறுதியாகத் தெரிய வேண்டும். அது தெரிந்துவிட்டால் சுமாரான பாட்டையும் பொறுத்துக்கொள்வார், அடுத்து என்ன சொல்வாரோ என்று இருப்பார்.

இயர்போன்

சரி, அப்படியென்றால் பிராங்க் கால் மட்டும் ஏன் ஓடுகிறது? அதுவும் பதிவுதானே. நான் ரேடியோவில் ஆசையாகக் கேட்டது அது ஒன்றைத்தான்.

ஃபேடர்காரன்

பெரிய ஊரில் ஓடும். ஏமாறுகிற ஆள் யார் என்றே தெரியாது, சிரித்துவிட்டுப் போகலாம். உத்தமபாளையத்தில் ஒருவரை ஏமாற்றினால் மறுநாள் அவர் கடைக்குத்தான் நீங்கள் சாமான் வாங்கப் போக வேண்டும்.

அகிலா_கோவை

நான் அகில இந்திய வானொலி நிலையத்தில் பல வருடம் தற்காலிக அறிவிப்பாளராக இருந்தேன். மாதம் ஆறு டியூட்டிக்கு மேல் தர மாட்டார்கள், அந்த ஆறு நாளுக்காக மாதம் முழுக்கக் காத்திருப்போம்.

ஃபேடர்காரன் சார் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். நேரலையாக இருந்தாலே சுவை வந்துவிடும் என்றால் எங்கள் நிலையங்கள் தேனாக இனித்திருக்க வேண்டுமே. எல்லாம் நேரலைதான், ஆனாலும் தூங்கி வழிந்த நாட்கள் நிறைய உண்டு. "அடுத்து வரும் பாடல்", "இப்போது ஒலித்த பாடல்" என்று கியூ ஷீட்டை, அதாவது நிகழ்ச்சி வரிசைத் தாளைப் பார்த்து வாசிப்பதற்கு ஆள் நேரில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

சரித்திரமும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1952-இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த கேஸ்கர் சினிமாப் பாட்டை அகில இந்திய வானொலியிலிருந்து ஏறக்குறைய ஒதுக்கிவிட்டார். ஜனங்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். அவர்களைத் திரும்ப இழுக்கத்தான் 1957-இல் விவித பாரதி என்ற பாட்டுச் சேவையைக் கொண்டு வந்தார்கள். நல்லது எது என்று மேலே இருப்பவர் முடிவு செய்தாலும், பட்டியலை மென்பொருள் முடிவு செய்தாலும், கேட்கிறவரை யாரும் கேட்கவில்லை என்பதுதான் இரண்டுக்கும் பொது.

எனக்குப் பிடித்த விஷயம் அடுக்குதல். மூன்று பாட்டை வரிசையாகப் போட வேண்டும், மூன்றுக்கும் ஒரு தொடர்பு இருக்க வேண்டும், ஆனால் அதைச் சொல்லக் கூடாது. ஒரே ராகத்தில் எம்.எஸ்.விஸ்வநாதன் ஒன்று, இளையராஜா ஒன்று, ரஹ்மான் ஒன்று. அல்லது மூன்றிலும் ஒரே புல்லாங்குழல் கலைஞர். மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே டியூட்டி ரூமுக்குப் போன் வரும்: "மேடம், கண்டுபிடிச்சிட்டேன், மூணுமே மோகனம்." சில சமயம் நான் நினைத்தது வேறாக இருக்கும், அவர் கண்டுபிடித்தது அதைவிட நன்றாக இருக்கும். அடுத்த முறை அவர் பெயரைச் சொல்லி அதையே போடுவேன்.

இன்னொன்று. படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர். இந்த நாலையும் விடாமல் சொல்லுங்கள். தனியார் நிலையங்கள் இதைக் கைவிட்டது பெரிய இழப்பு. பாட்டின் முன்னிசை ஓடும்போது அதன் மேல் ஏறிப் பேசுவதையும் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த இருபது விநாடிக்காக ஒரு மனிதர் ராத்திரியெல்லாம் வயலின்காரர்களை உட்கார வைத்திருப்பார்.

ஃபேடர்காரன்

மேடம், முன்னிசை விஷயத்தில் மட்டும் உடன்பட மாட்டேன். முன்னிசையின் மேல் பேசி, பாடகர் வாயைத் திறக்கும் நொடிக்குச் சரியாக நிறுத்துவது ஒரு வித்தை. நன்றாகச் செய்தால் உடம்பு சிலிர்க்கும். பத்தில் எட்டுப் பேர் மோசமாகச் செய்கிறார்கள் என்பது வேறு.

அகிலா_கோவை

அந்த எட்டுப் பேரைத்தான் நான் தினமும் கேட்கிறேன் சார்.

வல்லைவெளி

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். அகிலா அக்கா இலங்கை வானொலியைத் தொட்டதால் நானும் ஒரு கதை சொல்லலாம் என்று வந்தேன்.

கே.எஸ்.ராஜாவின் வேகம், ராஜேஸ்வரி சண்முகத்தின் கனிவு, பி.எச்.அப்துல் ஹமீதின் உச்சரிப்பு என்று அந்த நிலையத்து அறிவிப்பாளர்களைத் தமிழ்நாட்டுக்காரருக்கும் தெரியும். மத்திய அலையில் கடலைத் தாண்டி வந்தபடியால் இராமநாதபுரம், தஞ்சாவூர்ப் பக்கமெல்லாம் உள்ளூர் நிலையம் மாதிரியே கேட்டிருக்கிறார்கள். ஆட்களைக் குரலில் தெரியும், முகத்தில் தெரியாது. எங்கள் அப்பா அவர்களைப் பற்றிச் சொந்தக்காரரைப் போலக் கதைப்பார்: "இண்டைக்கு ராஜாவுக்குத் தடிமன் போல" என்று.

தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், இங்கே மின்சாரம் இல்லை, பற்றறிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோ வயரை றேடியோவில் கொடுத்து, ஒருவர் பெடலைச் சுற்ற மற்றவர்கள் கேட்பார்கள். சுற்றுவதில் வேகம் குறைந்தால் சத்தம் இறங்கிவிடும். எங்கள் வீட்டில் செய்திக்கு அப்பா சுற்றுவார், பாட்டுக்கு நாங்கள். பிடிக்காத பாட்டு என்றால் அண்ணன் வேண்டுமென்றே கையை எடுத்துவிடுவான், ஆச்சி ஏசுவா. விடிந்தால் பொழுதுபட்டால் எது நடக்குமோ தெரியாத காலத்தில், வழமையான நேரத்தில் வழமையான குரல் வந்தால் எங்களுக்கு அதுவே பெரிய விஷயம்.

முல்லையாறு அண்ணை, நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். ஆறரைக்கு ஒரு நிகழ்ச்சி என்றால் ஆறரைக்கு வர வேண்டும். சனம் அதை வைத்துத்தான் அடுப்பை மூட்டும்.

அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' ஞாபகம் இருக்கும். எழுத்தைக் கொடுத்து உடனே பாட வைக்கிற போட்டி. அதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒரு மைக், ஒரு பள்ளிக்கூட மண்டபம், பாடத் தெரியாவிட்டாலும் வெட்கப்படாத பத்துப் பேர். எழுத்து வாயில் வந்து பாட்டு வராமல் முழிக்கிற அந்த இரண்டு விநாடி, கேட்கிற எல்லாரும் தங்கள் வீட்டில் இருந்து கத்துவார்கள்.

நாஞ்சில்101

யாரும் எங்க ஊரைச் சொல்லவில்லையே என்று பார்த்தேன். இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் நாகர்கோவில்தான், 1984 அக்டோபர் 30. பெரிய நிலையத்தின் நிகழ்ச்சியை வாங்கி அஞ்சல் செய்யாமல் ஒரு மாவட்டத்துக்கென்றே தனியாக ஒரு நிலையம் என்ற ஏற்பாடு இங்கே இருந்துதான் நாடு முழுக்கப் போனது.

எனக்கு ஒரே ஒரு கருத்து. அறிவிப்பாளரின் பேச்சில் ஊர் வாடை இருக்கட்டும். நாகர்கோவில்காரன் நாகர்கோவில்காரனாகப் பேசும்போது, எங்க அம்மை அடுக்களையில் இருந்து பதில் சொல்லுவா. இப்போது எந்த ஊர் எஃப்எம்மைத் திருப்பினாலும் ஒரே பேச்சு. பாதி இங்கிலீஷ், மூச்சு விடாத ஓட்டம், எல்லாருக்கும் "செல்லம்". மதுரையிலும் அதுதான், தூத்துக்குடியிலும் அதுதான்.

அகிலா_கோவை

வாடை இருக்கட்டும், ஆனால் ழகரம் இருக்கட்டும் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி.

நாஞ்சில்101

அது எங்களிடம் நிறையவே இருக்கு. மேடம் கோயம்புத்தூர் நிலையங்களைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் :)

தங்கச்சிமடம்

பாம்பனில் 'கடல் ஓசை' 90.4 என்று ஒரு சமுதாய வானொலி 2016-இல் தொடங்கினார்கள். மீனவர்களுக்கென்றே உள்ளது, பேசுகிறவர்களும் கடற்கரைப் பிள்ளைகள்தான். முல்லையாறு நேரில் போய் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவது நல்லது.

எங்கள் வீட்டில் அது ஓடும் காரணம் காற்று. இன்றைக்குக் காற்று எப்படி, கடல் எப்படி, கடலுக்குப் போக டோக்கன் கொடுப்பார்களா என்பதுதான் எங்களுக்குத் தலைப்புச் செய்தி. மணிக்கு 45 கிலோமீட்டரில் இருந்து 55 வரை காற்று என்றால் அன்றைக்குப் படகு கரையில்தான். அந்த அறிவிப்புக்காகக் காத்திருக்கும்போது இடையில் ஓடுகிற பாட்டெல்லாம் தன்னால் காதில் ஏறிவிடும். "கடலுக்குப் போகலாம்" என்று வந்த பிறகு ஓடுகிற பாட்டு எந்தக் குப்பையாக இருந்தாலும் நல்ல பாட்டுதான். வலை பின்னுகிற பெண்கள் அதோடு சேர்ந்து பாடுவார்கள்.

உங்கள் ஊருக்குக் காற்று எது என்று கண்டுபிடியுங்கள்.

பண்பலை_பாண்டி

இது ஒன்று போதும். கடலூரில் 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு 'பேரிடர் 107.8' என்று ஒரு அவசர வானொலியே நடத்தினார்கள். எங்கே முகாம், எங்கே மருத்துவர் என்பதற்காகக் கேட்க வந்தவர்கள்தான் எல்லாரும்.

முல்லையாறு

தங்கச்சிமடம் சொன்னதைப் படித்துவிட்டு ராத்திரி குழுவில் பேசினோம். எங்கள் ஊருக்குக் காற்று எது என்று கேட்டதும் எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னது அணைத் தண்ணீர். முல்லைப் பெரியாறு இன்றைக்கு எத்தனை அடி? அனுமதித்த உச்சமான 142-ஐத் தொடுமா? ஜூன் முதல் வாரம் தலைமதகு திறப்பார்களா? கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணீரை நம்பித்தான். வைகை அணையின் முழு அளவு 71 அடி. அது 66-ஐத் தாண்டினால் கரையோரத்துக்கு முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. மழைக்காலத்தில் டீக்கடையில் ஸ்கோர் கேட்பது மாதிரி இதைத்தான் கேட்பார்கள்.

ஒரு சந்தேகம். நாங்கள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது. இது செய்தி ஆகிவிடாதா?

ஃபேடர்காரன்

ஆகாது. வானிலை, போக்குவரத்து, மின்சாரம், குடிநீர், இயற்கைச் சீற்றம், திருவிழா, தேர்வு, வேலைவாய்ப்பு அறிவிப்புகள் எல்லாம் செய்தி அல்லாத தகவல் என்றே விதிமுறையில் வருகின்றன. அரசியல் பேசாமல், நீர்வளத் துறை கொடுக்கும் அளவை அப்படியே சொன்னால் ஒரு சிக்கலும் இல்லை. அதே கணக்கில் மின்தடையையும் சொல்லுங்கள். "நாளை காலை ஒன்பது மணி முதல் இன்னின்ன ஊரில் கரண்ட் இருக்காது" என்று முந்தின நாள் சாயங்காலம் சொல்கிற நிலையத்தை ஒரு மாவு மில்காரர்கூட அணைக்க மாட்டார்.

அப்புறம், காலை ஐந்து மணிக்கு உங்கள் ஊரில் யார் விழித்திருக்கிறார்கள்?

முல்லையாறு

ஜீப்காரர்கள். இங்கிருந்து தினமும் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆட்கள் போகிறார்கள். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கிப் பக்கம். பெண்கள்தான் அதிகம். இருட்டோடு தூக்குவாளியும் கையுமாக வந்து நிற்பார்கள், ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்ல முடியாது. சாயங்காலம் அதே ஜீப்பில் திரும்பி வருவார்கள்.

ஃபேடர்காரன்

முடிந்தது. அதுதான் உங்கள் பிரைம் டைம். சென்னையில் எட்டிலிருந்து பதினொன்று என்பார்கள், உங்களுக்கு ஐந்திலிருந்து ஏழு. எந்தத் தனியார் நிலையமும் அந்த நேரத்துக்கு ஆள் போடாது. பெரும்பாலும் பக்திப் பாட்டைப் பதிவாக ஓட்டிவிட்டுத் தூங்குவார்கள்.

அந்த ஜீப்பில் ரேடியோவைத் திருப்புவது டிரைவர். முதலில் டிரைவர்களைப் பிடியுங்கள். மலைப்பாதையில் பனிமூட்டம், மண் சரிவு, செக்போஸ்ட்டில் வண்டி நிற்கிறதா என்று அவர்களே போன் பண்ணிச் சொல்ல வேண்டும், நீங்கள் அதை ஒலிபரப்ப வேண்டும். நிகழ்ச்சிக்கு ஆர்ஜேவாகத் தோட்டத்துக்குப் போய் வந்த ஒரு பெண்ணை உட்கார வையுங்கள். கல்லூரியில் ஊடகம் படித்த பிள்ளையை மத்தியானத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இயர்போன்

பாட்டு என்ன போடுவீர்கள்? இழையின் தலைப்பே அதுதான். காற்று, தண்ணீர், கரண்ட் என்று எங்கேயோ போய்விட்டது.

அகிலா_கோவை

அந்த ஜீப்பில் வருகிற பெண்களைக் கேட்டால் தெரிந்துவிடும். விருப்பப் பாட்டுக்கு அஞ்சலட்டையை இன்னும் கைவிடாதீர்கள் என்பேன். வாட்ஸாப்பில் ஒரு வரியில் பாட்டின் பெயரை மட்டும் அனுப்புவார்கள். கார்டில் எழுதுகிறவர் மெனக்கெட்டு எழுதுவார். ஒரு முறை எனக்கு வந்த கார்டில் பாட்டின் பெயரே இல்லை. "கத்திரிக்காய் பறிக்கும்போது கேட்கிற மாதிரி ஒன்று" என்று இருந்தது, கீழே பெயர், ஊர். அன்றைக்குப் பாட்டுத் தேட எனக்கு அரை நாள் ஆனது. எழுதத் தெரியாதவர்கள் போனில் பேசிப் பதிவு செய்யட்டும், அந்தக் குரலையே ஒலிபரப்புங்கள்.

ஆனால் விருப்பப் பாட்டையே நாள் முழுக்க ஓட்டக் கூடாது. கேட்டுக் கேட்டுப் பழகிய ஐம்பது பாட்டுக்குள்ளேயே சுற்றுவார்கள். கேட்டதற்கு ஒன்று, கேட்காததில் இருந்து ஒன்று என்று கலந்து போனால்தான் காது விழித்திருக்கும்.

நாஞ்சில்101

சினிமாப் பாட்டை மட்டும் ஏன் பேசுகிறோம்? தேனி, மதுரைப் பக்கம் நாட்டுப்புறப் பாட்டுக்கா பஞ்சம்? நடவுப் பாட்டு, கும்மி, தாலாட்டு, ஒப்பாரி. நிலையத்துக்குக் கூட்டிவராமல் வயலுக்கே போய்ப் பதிவு செய்யுங்கள். சமுதாய வானொலியில் பாதிக்குக் குறையாமல் உள்ளூரில் தயாரித்த நிகழ்ச்சியாக இருக்க வேண்டும் என்பது விதி, அந்தக் கணக்குக்கும் உதவும்.

ஃபேடர்காரன்

பணக் கணக்குக்கும் உதவும். சினிமாப் பாட்டுக்கு உரிமைத்தொகை கட்டியாக வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவில் ஒலிபரப்பு நிலையங்களுக்கு வழி இருக்கிறது. முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து, நிர்ணயித்த தொகையைச் செலுத்திவிட்டுப் போடலாம். சின்ன நிலையம்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் வயலில் நீங்களே பதிவு செய்த பாட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. பாடியவரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொண்டு, அவருக்கு ஏதாவது கொடுங்கள்.

விளம்பரம் மணிக்கு 12 நிமிடம் வரை போடலாம் என்று 2024-இல் தளர்த்தினார்கள், முன்பு 7 நிமிடம்தான். அந்தப் பன்னிரண்டையும் பாரமாக நினைக்காதீர்கள். கம்பெனி விளம்பரம் வந்தால் ஜனங்கள் சத்தத்தைக் குறைப்பார்கள். சின்னமனூர் ஜவுளிக்கடைக்காரர் தன் குரலில், தன் பாணியில் பேசினால் கூட்டி வைப்பார்கள். எங்களிடம் ஒரு பாத்திரக்கடைக்காரர் இருந்தார், ஆடித் தள்ளுபடியை வசனம் மாதிரிச் சொல்வார். அவருக்கென்று ரசிகர்கள் இருந்தார்கள்.

தங்கச்சிமடம்

ஒன்று விட்டுப் போயிற்று. இறந்தவர் அறிவிப்பு, காணாமல் போன ஆடு மாடு அறிவிப்பு, கோயில் கொடை அறிவிப்பு. இதையெல்லாம் சின்னத்தனம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

வல்லைவெளி

உண்மை. எங்கட சனம் மரண அறிவித்தலுக்கே றேடியோ வாங்கியது.

முல்லையாறு

எல்லாருக்கும் நன்றி. சில விஷயங்களைக் குழுவில் முடிவு செய்துவிட்டோம். ஐந்திலிருந்து ஏழு நேரலை, அது மாறாது. 5.30-க்கும் 6.30-க்கும் அணை அளவு. தோட்ட வேலைக்குப் போய் வந்த ஒரு அக்கா முன்வந்திருக்கிறார், குரல் கொஞ்சம் கரகரப்பு, பேச்சு சரளம். அவரை வைத்து மாதிரி நிகழ்ச்சி பதிவு செய்தோம். நாலு பெயரையும் சொல்லச் சொன்னோம். படம், பாடகர், இசை வரை சரியாகச் சொல்லிவிட்டு, "எழுதுனது யாருன்னு இந்தத் தாள்ல இல்ல, தெரிஞ்சவுக போன் போடுங்க" என்று சொல்லிவிட்டார். அகிலா மேடம் கோபித்துக்கொள்ளக் கூடாது, அந்த இடத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

அகிலா_கோவை

கோபமா? முதல் நாளே நேயருக்கு வேலை கொடுத்துவிட்டார். ஒன்று மட்டும், யார் சரியாகச் சொன்னார் என்று அடுத்த பாட்டுக்குள் அறிவித்துவிட வேண்டும்.

பண்பலை_பாண்டி

சோதனை ஒலிபரப்பு எப்போது? ஒட்டன்சத்திரத்துக்கு வராது என்று தெரியும், பஸ் ஏறி வந்து கேட்கிறேன்.

முல்லையாறு

தேதி வந்ததும் சொல்கிறேன் அண்ணே. ஜீப்பிலேயே போய்ப் பார்க்கப் போகிறோம், மலைப்பாதையில் எந்த வளைவில் அலை அறுகிறது என்று குறித்துக்கொண்டு வர. வண்டியில் நல்ல ஸ்டீரியோ உள்ள ஜீப் ஒன்று பேசி வைத்திருக்கிறோம்.

ஃபேடர்காரன்

நல்ல ஸ்டீரியோ வேண்டாம். பழைய ஜீப்பாக, பாதி ஒடிந்த ஆன்டெனாவோடு ஒன்றைப் பிடியுங்கள். கூடவே சந்தையில் விற்கிற மலிவான பாக்கெட் ரேடியோ ஒன்று. அந்த இரண்டிலும் எதுவரை கேட்கிறதோ அதுதான் உங்கள் எல்லை. ஸ்டுடியோவில் ஒருவரை உட்கார வைத்து, மணியை மட்டும் சொல்லிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். எந்த நிமிடத்தில் அறுந்தது என்று குறிக்கச் சுலபம்.